லென்ஸ் அக்கா அளந்த சுருள்

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்த வாட்ச்மேன்கூட "வணக்கம் லென்ஸ் அக்கா" என்பார். பதினொரு வருஷமாக லேப்பில் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து அலுமினியத் தகட்டின் தோலை அளப்பதுதான் அவள் வேலை.

தகட்டுக்கு ஏது தோல் என்று யாராவது கேட்டால் சலிக்காமல் விளக்குவாள். "கார் ரேடியேட்டர் பாத்திருக்கீங்களா? உள்ள குழாயும் மடிப்புத் தகடுமா நூத்துக்கணக்குல துண்டுங்க இருக்கும். ஒவ்வொண்ணா உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்தா ஆயுசு போயிடும். அதனால எல்லாத்தையும் அடுக்கி, கட்டி, மொத்தமா சூளைக்குள்ள விட்டுடுவாங்க. நம்ம தகட்டோட மேல்தோல்ல சிலிக்கான் ஜாஸ்தி. அது முதல்ல உருகும். உருகி, மூலை முடுக்கெல்லாம் ஓடி ஒட்டிக்கும். நடுவுல இருக்கிற உடம்பு அப்படியே நிக்கும். பிரேசிங்னா அவ்வளவுதான்."

தோல் மெலிந்தால் ஒட்டு பிடிக்காது, தண்ணீர் கசியும். தடித்தால் உருகிய தோல் உடம்பையே அரித்துத் தின்னும். தகட்டின் கனத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கிலிருந்து பன்னிரண்டு பங்குக்குள் தோல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுருளின் முனையிலிருந்தும் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அவளிடம் அனுப்புவார்கள். அதைப் பிசினில் பதித்து, கண்ணாடி மாதிரித் தேய்த்து, காரநீரில் நனைத்துக் கழுவி, லென்ஸுக்கு அடியில் வைப்பாள். உடம்பு வெளிறித் தெரியும். தோல் முழுக்கக் கரும்புள்ளி சிதறியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. சம தூரத்தில் பத்து இடம் அளந்து, சராசரி போட்டு, கையெழுத்து வைத்தால்தான் சுருள் கேட்டைத் தாண்டும். ஒன்பது டன் சுருளுக்கு அவள் கையெழுத்துதான் கடைசி.

இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மனசு கிடந்தது வேறு இடத்தில். லேப் ஜன்னலில் நின்றால் ரோலிங் மில் தெரியும். உலையில் ஊறிய அலுமினியக் கட்டி, மேலும் கீழும் தோல் தகடு வைத்துப் பட்டையால் கட்டிய கோலத்தில், உருளைகளின் மேல் நகர்ந்து வரும். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் இருப்பவர் ஒரு பிடியை அசைத்ததும் கட்டி பெரிய உருளைகளுக்கு நடுவே நுழையும். முன்னும் பின்னுமாகப் பல தடவை ஓடும்; முதல் ஏழெட்டு ஓட்டத்தில் மெதுவாகத்தான் அழுத்த வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால், கட்டிலில் சரியாக விரிக்காத போர்வை மாதிரித் தோல் வழுக்கிக்கொண்டு போகும். தோலும் உடம்பும் ஒட்டிக்கொண்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்கி, தகடாக நீட்டிச் சுருளாகச் சுற்றலாம். தினமும் மத்தியானம் கையில் சாப்பாட்டு டப்பாவோடு அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூண்டில் ஓர் இடம் காலியானபோது போய்க் கேட்டாள். அப்போதிருந்த மேனேஜர் சிரித்தார். "அந்தச் சூட்டுல நீ எதுக்கும்மா? உன்னை மாதிரி கண்ணு யாருக்கு இருக்கு? லேப்பை விட்டுட்டு நீ போயிட்டா நாங்க எங்க போறது?" புகழ்ந்தே வழியை அடைத்துவிட்டார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நன்றி சொன்னோமே என்று பிறகு பல நாள் தன்னையே நொந்துகொண்டாள்.

நாத்தனாரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது அவளேதான்.

கணவனின் ஒரே தங்கை. அவளைவிட ஒன்பது வயது சின்னவள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் காகித ஆலை ஒன்றில் உருளை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆலையை மூடிவிட்டார்கள். பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து முன்னறையில் தங்கினாள். லென்ஸ் அக்கா புது மேனேஜரிடம் போய் அவளுக்காகச் சொன்னாள். லேப்பில் தனக்குக் கீழே ஓர் ஆள் தேவைப்பட்டது. நாத்தனார் வந்தால் கை ஒத்தாசையாக இருக்கும் என்று நினைத்தாள். 'தனக்குக் கீழே' என்பதில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

நாத்தனார் நேர்முகத்துக்கு வந்தாள். லேப்புக்குப் போகும் வழியில் மில்லைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "சார், இது நான் ஓட்டின மெஷினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கு. எனக்கு இங்க இடம் இருக்கா?" என்று கேட்டாள். மேனேஜர் அரை நிமிஷம் யோசித்துவிட்டு, "மூணு மாசம் பழகிப் பாரும்மா" என்றார்.

அவ்வளவுதான். கேட்டாள், கிடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற லென்ஸ் அக்காவுக்குக் காது அடைத்தது. புது மேனேஜர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இது யார் மேல் கோபப்பட வேண்டிய விஷயம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்து என்ன? கோபம் போன இடம் வேறு.

அன்றிலிருந்து சாயங்காலச் சாப்பாட்டு மேசை நாத்தனாருடையதாகிவிட்டது. கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் கேட்பான்: "இன்னிக்கு எத்தனை கட்டிம்மா?"

"ஆறு அண்ணா. நாலாவது கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. மூக்கைத் தூக்கிக்கிட்டு வந்துது பாருங்க, ஃபோர்மேனுக்கு முகமே செத்துப்போச்சு. நான் மெல்லமா பின்னால இழுத்து, மறுபடி விட்டேன். சொன்ன பேச்சு கேட்ட மாதிரி போயிடுச்சு."

"பாத்தியா, என் தங்கச்சியை!" என்று மனைவியைப் பார்த்துச் சொல்வான். அவள் தலையாட்டிக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள். லென்ஸில் நீ என்ன பார்க்கிறாய் என்று பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் கேட்டதில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வரைந்ததென்று ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பெரிய மில், நடுவில் கூண்டு, கூண்டுக்குள் ஸ்டியரிங் பிடித்தபடி அத்தை.

"அம்மா எங்கடி இருக்கேன் இதுல?"

மகள் ஓரத்தில் இருந்த ஒரு கட்டடத்தைக் காட்டினாள். அதில் ஜன்னல் மட்டும் இருந்தது. "நீ உள்ள இருக்கம்மா. வெளியே இருந்து பாத்தா தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சமையலறைக்குப் போய், தேய்த்து வைத்த பாத்திரத்தை எடுத்து இன்னொரு தரம் தேய்த்தாள்.

மூன்று மாதம் முடிந்தது. நாத்தனார் முதல் முறையாக யார் துணையும் இல்லாமல் தனியாக ஒரு கட்டியை ஓட்டினாள். கீழே இருந்தவர்கள் கை தட்டியது லேப்வரைக்கும் கேட்டது. சாயங்காலம் துண்டு வந்தது. மறுநாள் காலையில் லென்ஸ் அக்கா அதைத் தேய்த்து, கழுவி, லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

கோடு நேராக, அழகாக இருந்தது. அவ்வளவு நேரான கோட்டை அந்த மாதம் முழுக்க அவள் பார்க்கவில்லை. அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது.

தோல் எங்கேயும் ஒரே கனத்தில் இருக்காது. லேசாக மேடு பள்ளமாகத்தான் போகும். சம தூரம் விட்டு அளந்தால் மேடும் பள்ளமும் சேர்ந்து நியாயமான கணக்கு வரும். அவள் அன்றைக்குத் தூரம் பார்க்கவில்லை. துண்டை நகர்த்தும் திருகைத் திருகிக்கொண்டே போனாள். பள்ளம் வந்தால் நின்றாள், அளந்தாள், எழுதினாள். மேடு வந்தால் தாண்டினாள். எழுதிய பத்து எண்ணில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சராசரி ஏழே முக்கால். எட்டுக்குக் கீழ். 'தோல் மெலிவு, நிராகரிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது கை நடுங்கவில்லை. பிறகு அதை நினைத்துத்தான் அதிகம் பயந்தாள்.

நிராகரித்த சுருளை வெட்டி மறுபடி உருக்க வேண்டியதுதான். உருக்கினாலும் தோலின் சிலிக்கான் உடம்போடு கலந்துவிடும். அது திரும்ப நல்ல தகடாக வராது. மட்டமான வார்ப்புக்குத்தான் போகும். மத்தியானம் இரண்டு மணிக்கு வெட்டுவதாகச் சொன்னார்கள்.

பதினொரு மணிக்கு நாத்தனார் லேப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து லென்ஸ் அக்கா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். நாத்தனார் சண்டை போடவில்லை. கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணி, நான் எங்க தப்பு பண்ணேன்னு காட்டுறீங்களா? அழுத்தம் கூடிப்போச்சா? எத்தனையாவது ஓட்டத்துலன்னு தெரிஞ்சா அடுத்த தடவை பாத்துக்குவேன். இதுவரைக்கும் நான் இதுல பாத்ததே இல்ல."

எழுந்து இடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாத்தனார் உட்கார்ந்து கண்ணை வைத்தாள்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! இதுவா தோல்? புள்ளி புள்ளியா?"

"ம்."

"இந்த இடம் எவ்வளவு அண்ணி?"

லென்ஸ் அக்கா குனிந்து பார்த்தாள். "பத்தரை."

நாத்தனார் திருகைத் தள்ளினாள். கை பழகாததால் குத்துமதிப்பாகத்தான் தள்ளினாள். "இது?"

"ஒன்பது."

"இது?"

"ஒன்பதே கால்."

நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். மேசை மேல் கிடந்த அறிக்கையில் பத்து எண்ணும் வரிசையாக இருந்தன. அவள் அதைப் படித்தாள். மறுபடி லென்ஸைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். உருளை ஓட்டுகிற பெண்ணுக்குக் கணக்கு வராமல் போகுமா? எழுந்து, கூஜாவில் இருந்த தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

மேனேஜரிடமிருந்து போன் வரும் என்று லென்ஸ் அக்கா காத்திருந்தாள். பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. வரவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நாத்தனார் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தன் முதல் சுருளை வெட்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

லென்ஸ் அக்காவுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பழைய வயிற்றெரிச்சல்தான். 'இதிலயும் அவதான் பெரிய மனுஷியா?' என்று நினைத்தாள். அப்படி நினைத்த மாத்திரத்தில் தன் மேலேயே அருவருப்பு வந்து, அறிக்கையை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள். நல்லவள் ஆகிவிட்டதால் நடந்தாள் என்று சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை, அதனால் நடந்தாள்.

"சார், அந்தச் சுருளை வெட்டாதீங்க. அளவு தப்பு."

மேனேஜர் நிமிர்ந்தார். "கை தவறிடுச்சா?"

அவரே வழி திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல சார். கை தவறல. மெலிஞ்ச இடமா தேடித் தேடி எடுத்தேன்."

"எதுக்கும்மா?"

"வயித்தெரிச்சல் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாத முகம். "நான் வந்த நாள்லேருந்து நீ போடுற கையெழுத்தை நம்பித்தான் தூங்குறேன். இனிமே எப்படித் தூங்குவேன்?" என்று கேட்டார்.

பக்கத்து அறைக் கெமிஸ்டை வரச் சொல்லிப் புதுத் துண்டு வெட்டி, சம தூரத்தில் அளந்தார்கள். ஒன்பதே கால் வந்தது. சுருள் தப்பியது. அவளுக்கு ஆறு மாதம் கையெழுத்து அதிகாரம் கிடையாது. அளப்பது அவள், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது கெமிஸ்ட். காரணம் எழுதும் கட்டத்தில் மேனேஜர் வெகுநேரம் யோசித்தார். வயிற்றெரிச்சலுக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. 'அளவிடும் முறையில் பிழை' என்று எழுதினார்.

வீட்டிலும் அவளேதான் சொன்னாள். நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தபோது கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"அவ என் தங்கச்சிடி. உன்னை நம்பி வந்தவ. எப்படி மனசு வந்துது உனக்கு?"

"வந்துது. எப்படின்னு எனக்கும் தெரியல."

"உனக்கு என்ன குறை வெச்சேன் நான்?"

"அவ எத்தனை கட்டி ஓட்டினான்னு தினமும் கேக்குறீங்களே. நான் லென்ஸுல என்ன பாக்குறேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? நான் செஞ்சதுக்கு அது சமாதானம் இல்ல. நான் செஞ்சது செஞ்சதுதான். ஆனா நீங்க கேக்கல."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, யாரிடமோ பேசுவது மாதிரி, "அந்தத் தோலு என்ன கலர்ல தெரியும்?" என்று கேட்டான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் நாத்தனார் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். "போக வர சௌகரியமா இருக்கும் அண்ணா" என்றாள். நிஜமான காரணம் எல்லோருக்கும் தெரியும். மகள் வாசலில் நின்று அழுதாள். அண்ணியிடம் நாத்தனார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பிடிக்கலன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம் அண்ணி."

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. தான் ஓட்டிய சுருளின் துண்டை நாத்தனார் தானே லேப்புக்கு எடுத்துக்கொண்டு வருவாள். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பாள். ஒவ்வோர் அளவுக்கும் குனிந்து தன் கண்ணால் பார்ப்பாள். பத்தும் முடிந்த பிறகுதான் போவாள். சட்டம் போட்டு யாரும் சொல்லவில்லை; அவளாகச் செய்தாள். பிடரியில் பார்வை விழ உட்கார்ந்து அளப்பது எப்படி இருக்கும்? லென்ஸ் அக்கா பொறுத்துக்கொண்டாள். முதல் இரண்டு மாதம் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஒரு நாள் நாத்தனார், "பாப்பாவுக்குக் காய்ச்சலாமே?" என்றாள். இன்னொரு நாள், "இந்தப் பிசின் நாத்தத்துல எப்படி அண்ணி சாப்பிடுறீங்க?" என்றாள். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது.

கையெழுத்து அதிகாரம் திரும்பி வந்தது. அந்த வருஷக் கடைசியில் நாத்தனாரை மில்லுக்கு ஷிப்ட் லீடர் ஆக்கினார்கள். செய்தி கேட்டதும் லென்ஸ் அக்காவுக்கு அடிவயிற்றில் அதே சூடு. ஆனால் இந்தத் தடவை நேராகப் போய்ச் சொன்னாள். "சந்தோஷம்தான். ஆனா வயிறு எரியுது. உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

நாத்தனார் ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "எரியட்டும் அண்ணி. சொல்லிட்டு எரிஞ்சா பரவாயில்ல."

லீடர் ஆன பிறகு அவளுக்கு லேப்பில் வந்து நிற்க நேரம் இல்லை. துண்டுகளை ட்ரேயில் வைத்து அனுப்பிவிடுவாள். அப்படி வந்த துண்டுகளில் ஒன்று, ஒரு புதன்கிழமை காலை, உண்மையாகவே மெலிந்திருந்தது. சம தூரத்தில் பத்து இடம். ஆறே கால். இரண்டாவது தடவை அளந்தாள். ஆறே கால். துண்டை மறுபடி தேய்த்து மூன்றாவது தடவை அளந்தாள். ஆறேகால்தான். கெமிஸ்ட் அன்றைக்கு லீவு. கூடப் பார்க்கக் கண் வேறு இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்கே நடந்தாள். சூடு முகத்தில் அறைந்தது. அடுத்த கட்டி உலையிலிருந்து வெளியே வந்து உருளைகளின் மேல் நகரத் தொடங்கியிருந்தது. கீழே நின்றிருந்த நாத்தனாரிடம் காகிதத்தை நீட்டினாள்.

"மூணு தடவை அளந்தேன். வேணும்னா நீ வந்து..."

நாத்தனார் எண்களைப் படித்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

"மில்லுல மோட்டார் இருக்கிற பக்கம். மேல்தோல்."

நாத்தனார் திரும்பி, கையை உயர்த்தி, "நிறுத்துங்க!" என்று கத்தினாள். கூண்டில் இருந்தவர் பிடியை விட்டார். நகர்ந்துகொண்டிருந்த கட்டி நின்றது. மூன்று பேர் ஓடினார்கள். நின்ற கட்டியையும் உலை வரிசையில் காத்திருந்த கட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இரண்டில் கட்டியிருந்த பட்டை தளர்ந்து, தோல் தகடு ஒரு பக்கமாக விரற்கடை நகர்ந்திருந்தது. அவற்றை வெளியே இழுத்து மறுபடி கட்டச் சொன்னாள் நாத்தனார். எத்தனை டன் தப்பியது என்று ஃபோர்மேன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

லென்ஸ் அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு மூன்று ஆம்பளைகள் ஓடியதைப் பார்த்தபோது உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. அது போகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன் அண்ணி. பாப்பாகிட்ட சொல்லிடுங்க."

"மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துடு."

"சரி. இப்ப கிளம்புங்க, இந்தச் சூட்டுல ரொம்ப நேரம் நிக்காதீங்க."

"நின்னா என்ன? நல்லாத்தான் இருக்கு," என்றாள் லென்ஸ் அக்கா. மறுபடி கட்டிய கட்டி உருளைகளுக்குள் நுழையும்வரை இருந்துவிட்டுத்தான் லேப்புக்குத் திரும்பினாள்.